உண்போர் வயிறும் உழைப்போர் உடலும்

உணவுத் தொழிலாளரின் தேக சுகத்தைப் பேணுவதற்கென்று பிறந்த சட்டங்களுள் மிகப் பழமையான ஒன்று, அத்தொழிலாளரிடத்துக் கொண்ட இரக்கத்தால் பிறந்ததன்று. காலை வேளையில் தாம் வெண்ணெய் தடவி உண்ணும் ரொட்டியில் வேர்வையும் ஒட்டடையும் செத்த கரப்பான் பூச்சியும் கலந்திருக்கின்றன என்று கேள்வியுற்ற லண்டன் மாநகரத்துக் கனவான்களின் குமட்டலால் பிறந்தது. 1863-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய ரொட்டிக்கூட ஒழுங்குமுறைச் சட்டத்தையே இங்கே குறிப்பிடுகிறேன். அந்தச் சட்டம் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று சற்றே நின்று பார்ப்போமாயின், அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல தேசங்களில் சமையற்காரர், ரொட்டி சுடுவோர், பரிமாறுவோர் ஆகியோரின் நலம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது, எந்த வாசலில் காத்து நின்றது என்பது விளங்கும்.

லண்டனில் ரொட்டியின் விலையையும் எடையையும் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் சட்டமே நிர்ணயித்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வியாபாரம் சுதந்தரமாக நடக்க வேண்டும் என்ற கொள்கை ஓங்கியபோது, அந்தப் பழைய கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நீங்கவே, கையில் சொற்ப முதல் உடையவர்களெல்லாம் நிலவறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மாவு வியாபாரியிடம் கடனுக்கு மூட்டை வாங்கி, ரொட்டிக் கடை வைக்கலானார்கள். நியாய விலைக்கு விற்பவர் ஒரு சாரார், விலையைத் தாழ்த்தி விற்பவர் மற்றொரு சாரார் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. நகரத்துக் கடைக்காரர்களில் நான்கில் மூன்று பங்கினர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள் என்று பிற்காலத்து விசாரணையில் தெரியவந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்கிறவன் அந்த நஷ்டத்தை எங்கேனும் ஈடுகட்டித்தானே ஆகவேண்டும்? ஒரு பகுதியை மாவில் ஈடுகட்டினான்: மட்டமான மாவும் வெண்மையாகத் தோன்றும்பொருட்டுப் படிகாரம் சேர்த்தான். மறு பகுதியைத் தன்னிடம் கூலிக்கு வேலை செய்தவனுடைய தூக்கத்தில் ஈடுகட்டினான். படிகாரத்தை ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற மருத்துவர் 1850-களின் தொடக்கத்தில் நுண்பெருக்கியும் இரசாயனமும் கொண்டு சோதித்து, 'லான்ஸெட்' பத்திரிகையில் பகிரங்கப்படுத்தினார்; அதன் பயனாக 1860-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. தூக்கத்தைச் சோதிக்கும் நுண்பெருக்கி எவரிடமும் இருக்கவில்லை.

அந்தத் தூக்கத்தின் கதையை ஓர் இரவைக்கொண்டு காட்டலாம். கூலிக்கு ரொட்டி சுடுபவன் இரவு பதினொரு மணி சுமாருக்குக் கடையின் அடியிலுள்ள நிலவறைக்குள் இறங்குவான்; மூட்டை மாவையும் நீரையும் புளிப்பையும் மரத்தொட்டியில் கொட்டி, அரைமணி முதல் முக்கால்மணி நேரம் வரை தோள்பட்டை நோகப் பிசைவான்; பிசைந்த மாவு புளித்து எழும்பும் வரையில் அதே தொட்டியின் மூடிப் பலகைமீது, கீழே ஒரு மாவுச் சாக்கை விரித்து, மற்றொன்றைத் தலையணையாகச் சுருட்டி வைத்துப் படுத்து, இரண்டு மணி நேரம் கண் அயர்வான். அவன் முதுகுக்குக் கீழே ஊர் உண்ணப்போகும் மாவு எழும்பிக்கொண்டிருக்கும். பிறகு விழித்தெழுந்தால் ஐந்து மணி நேரம் மூச்சுவிட அவகாசமில்லாத வேலை: மாவை அறுத்தல், நிறுத்தல், உருட்டுதல், அடுப்பிலிடுதல், எடுத்தல், மறுபடியும் இடுதல். அறையின் வெப்பம் பாரன்ஹீட் கணக்கில் 75 முதல் 90 பாகை வரை இருக்கும்; அறை சிறிதாக இருக்குமளவுக்கு வெப்பம் மேல் எல்லையை நெருங்கும். 90 பாகை என்பது நம் சித்திரை மாதத்து நிழலுக்கே சாதாரணமாயிற்றே என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அது சாளரமில்லாத நிலவறையில், கரிப்புகையும் மாவுத் தூசும் எரிவாயு விளக்கின் வெக்கையும் ஒன்றுசேர்ந்த வெப்பம் என்பதையும், அதிலே தொப்பலாக நனைந்த சட்டையோடு விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டோ லண்டன் பனியில் வீடு வீடாக ரொட்டி கொடுக்கப் போனவனும் அதே மனிதன்தான் என்பதையும் சேர்த்துக் கருதவேண்டும். அந்த வேலை பிற்பகல் ஒரு மணிக்கு முடிந்தாலும் முடியும், மாலை ஆறு மணி வரை நீண்டாலும் நீளும். விலையைத் தாழ்த்தி விற்கும் கடையாயின், வியாழன் இரவு தொடங்கிய உழைப்பு சனிக்கிழமை இரவு வரை அநேகமாக இடைவிடாமல் நடக்கும்.

இத்தகைய வாழ்க்கை தேகத்தை என்ன செய்யும் என்பது வைத்திய சாஸ்திரத்துக்குப் புதிய செய்தியும் அன்று. இத்தாலியில் மோதெனா நகரத்தில் 1700-ஆம் ஆண்டில் பெர்னார்தினோ ராமஸ்ஸீனி என்ற வைத்தியர், தொழிலாளர்களுக்குத் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி லத்தீன் மொழியில் வெளியிட்ட பிரசித்தமான நூலில், ரொட்டி சுடுவோருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார். ஊரார் உறங்கும் நேரத்தில் அவர்கள் விழித்திருப்பதையும், மாவுத் தூசு உமிழ்நீரோடு கலந்து பசையாகித் தொண்டையிலும் நெஞ்சிலும் அடைத்து இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாக்குவதையும், ஓயாது பிசைவதால் கைகள் வீங்கிப் பருப்பதையும் அவர் நேரில் கண்டு எழுதினார். இன்று அந்த மூச்சுத் திணறலுக்கு ரொட்டிக்காரர் ஆஸ்துமா என்றே பெயர் வழங்குகிறது. கோதுமை மாவும், மாவு மென்மையாவதற்குச் சேர்க்கும் பூஞ்சை நொதியும் சுவாசத்தில் புகுந்து ஒவ்வாமையை உண்டாக்குகின்றன என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. லண்டனிலேயே வில்லியம் கை என்ற மருத்துவர் 1848-இல் ரொட்டித் தொழிலாளரின் வழக்கை எடுத்துப் பேசி, அவர்களுடைய நோய்களைக் கணக்கெடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் அனுதாபப்பட்டார்கள், ரொட்டியை வழக்கம்போல் வாங்கினார்கள்.

ஆக, அறிவு குறைந்ததனால் சீர்திருத்தம் தாமதிக்கவில்லை. தொழிலாளர்கள் வாய் திறவாதிருந்ததனாலும் அன்று. 1860-ஐ ஒட்டி அயர்லாந்தில் ரொட்டித் தொழிலாளர்கள் இரவு வேலையையும் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் எதிர்த்துப் பெருங்கூட்டங்கள் கூட்டினார்கள். வெக்ஸ்போர்டு, கில்கென்னி, வாட்டர்போர்டு முதலிய ஊர்களில் பகல் வேலையை நிலைநிறுத்தவும் செய்தார்கள். லிமெரிக்கில் முதலாளிகளின் எதிர்ப்பால் தோற்றார்கள். லண்டன் தொழிலாளரின் விண்ணப்பங்களும் பார்லிமெண்டுக்குக் குவிந்தன. அதன்மேல், சுரங்கத் தொழிலாளரின் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பழகிய ஹியூ ஸீமோர் டிரெமென்ஹீர் என்ற பாரிஸ்டரைச் சர்க்கார் விசாரணைக்கு நியமித்தது. 1862-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. ரொட்டித் தொழிலாளர்கள் நாற்பத்திரண்டு வயதை எட்டுவது அபூர்வம் என்பதும் அதிலே இருந்தது. மாவில் வேர்வையும், புண்களின் சீழும், ஒட்டடையும், கரப்பான் பூச்சியும், படிகாரமும் கலப்பதும் அதிலே இருந்தது. இவ்விரண்டில் எதைப் படித்து நகரம் கொதித்தெழுந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு வயதிலே முடியும் ஆயுள் நிலவறையில் இருந்தது. கரப்பான் பூச்சியோ சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது.

மறு ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதன் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சட்டம் செய்தவர்களின் மனம் நன்றாகப் புலனாகும். ரொட்டிக்கூடத்துச் சுவர்களுக்கும் கூரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கவேண்டும், அல்லது எண்ணெய்ச் சாயம் பூசி வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவவேண்டும். படுக்குமிடம் ரொட்டிக்கூடத்தினின்று பிரித்துத் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்து மணி வரை வேலை வாங்கலாகாது. இவற்றுள் கடைசி விதி ஒன்றே தொழிலாளியின் தேகத்தை நேராக நோக்கியது. அதுவும் இளைஞரோடு நின்றுவிட்டது. பதினெட்டு நிரம்பியவன் எத்தனை மணி நேரம் வேண்டுமாயினும், எந்த நேரத்தில் வேண்டுமாயினும் உழைக்கலாம். சுவர் மாத்திரம் வெள்ளையாக இருக்கவேண்டும். நிலவறையையோ சட்டம் தொடவே இல்லை. 1901-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டந்தான், 1904 ஜனவரி முதல் தேதிக்குப் பின் தகுதிச் சான்று பெறாத நிலவறைகளில் ரொட்டி சுடலாகாது என்று விதித்தது. சட்டத்தை அமல் செய்யும் பொறுப்பு முதலில் ஸ்தல ஸ்தாபனங்களிடம் விடப்பட்டதும், அந்த ஸ்தாபனங்களில் கடைக்காரர்களின் செல்வாக்கு மிகுந்திருந்ததும், விதிகள் ஏட்டளவிலே நின்றதற்குக் காரணங்களாயின.

இந்தச் சுண்ணாம்புக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். 1802-இல் பஞ்சாலைச் சிறுவர்களுக்காக இங்கிலாந்தில் இயற்றிய சட்டம் ஆண்டுக்கு இருமுறை ஆலைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிற்று. 1844-இன் சட்டம் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று தவணையை நீட்டிற்று. அந்தப் பதினான்கு மாதக் கணக்கு கடல் கடந்து வந்து, சுதந்தர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் அப்படியே இடம்பெற்றது. சட்டங்கள் தேசம்விட்டுத் தேசம் போகும்போது தம் பழைய எண்களையும் பழைய கண்களையும் உடன்கொண்டே போகின்றன.

மனிதனின் கையையே ரொட்டியினின்று விலக்கிவிட்டால் என்ன என்று சிந்தித்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஜான் டாக்லிஷ் என்ற மருத்துவர் புளிப்பும் பிசைதலும் இல்லாமல், கரியமில வாயுவை அழுத்தத்தோடு மாவில் செலுத்தி ரொட்டி எழும்பச் செய்யும் முறைக்கு 1856-இல் உரிமை பெற்றார். அம்முறையைக் கையாள 1862-இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி நிறுவப்பட்டது. கைபடாத ரொட்டி என்பது அதன் பெருமை. இரண்டு ஆண்டு கழித்து அக்கம்பெனி தன் கடையிலேயே தேநீரும் பரிமாறத் தொடங்கிற்று; பெண்கள் தனித்துச் சென்று அச்சமின்றி உட்கார்ந்து உண்ணத்தக்க தேநீர்க் கடைகள் லண்டனில் பல்கியதற்கு அது ஒரு தோற்றுவாய். ஆனால் அத்தகைய கடைகளில் உட்கார்ந்தவர்கள் உண்ண வந்த பெண்கள். பரிமாறிய பெண்கள் நின்றார்கள். பிசைந்த கைகளின் துன்பம் சற்றுக் குறைந்த இடத்தில் நின்ற கால்களின் துன்பம் தோன்றிற்று. சில்லறைக் கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வைக்கவேண்டும் என்ற சட்டம் 1899-இல்தான் இங்கிலாந்தில் வந்தது. நம் நாட்டிலோ, கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தின. நூற்றிருபது ஆண்டு இடைவெளி! காலில் புடைக்கும் நரம்பு வாடிக்கைக்காரரின் தட்டில் தெரிவதில்லை என்பது இந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியமான காரணம்.

இரவு வேலையின் கதை அதைவிடச் சுவாரஸ்யமானது. 1871-இல் பாரிஸ் நகரத்தைச் சில வாரங்கள் ஆண்ட கம்யூன் ஆட்சி, ஏப்ரல் 20-ஆம் தேதி, ரொட்டித் தொழிலாளரின் இரவு வேலையை ரத்துச் செய்து ஆணை பிறப்பித்தது. தொழிலாளர்கள் நகரமன்றத்துக்கு ஊர்வலமாகப் போய் நன்றி தெரிவித்தார்கள். அடுத்த மாதமே கம்யூன் இரத்த வெள்ளத்தில் மாய்ந்தது; ஆணையும் மாய்ந்தது. காலையுணவுக்குச் சுடச்சுட ரொட்டி வேண்டும் என்ற நகரத்தாரின் விருப்பம் மாத்திரம் மாயவில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க் நகரத்தில் லண்டனின் கதை வேறு உடையில் மீண்டும் அரங்கேறியது. அடுக்கு வீடுகளின் நிலவறைகளுக்கு வாடகை மலிவு; கனத்த செங்கல் அடுப்பின் பாரத்தைத் தாங்க அடித்தளமே வசதி; ஆகவே கழிவுநீர்க் குழாய்கள் தலைக்குமேல் ஓடும் இடங்களிலே, பெரும்பாலும் குடியேறிய ஜெர்மானியரும் யூதரும் இத்தாலியரும் ரொட்டி சுட்டார்கள். 1894-இல் எட்வர்டு மார்ஷல் என்ற பத்திரிகையாளர் அந்த நிலவறைகளுள் புகுந்து கண்டதை எழுதினார். மறு ஆண்டில் நியூயார்க் ராஜ்யத்துச் சட்டசபை ஒரு வாக்குக்கூட எதிர்ப்பின்றி ரொட்டிக்கடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. கூரை உயரம் எட்டடிக்குக் குறையலாகாது, கழிப்பிடம் ரொட்டியறையோடு சேர்ந்திருக்கலாகாது, ரொட்டியறையில் உறங்கலாகாது, பூனை நீங்கலாக வேறு வீட்டு மிருகங்கள் உள்ளே இருக்கலாகாது — எலியை உத்தேசித்துப் பூனைக்கு மட்டும் சட்டசபை விலக்கு அளித்தது — என்பன போன்ற விதிகளோடு, லண்டன் சட்டத்தில் இல்லாத ஒரு விதியும் அதில் இருந்தது: ரொட்டித் தொழிலாளியை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கலாகாது. சுவரையும் பூனையையும் எண்ணிய சட்டம் மனிதனையும் எண்ணத் தொடங்கிய இடம் அது.

அந்த இடத்திலேயே அது அடிபட்டது. யூட்டிகா நகரத்து ரொட்டிக் கடை முதலாளி ஜோஸப் லாக்னர், தொழிலாளி ஒருவரை வாரம் அறுபது மணிக்குமேல் வேலை வாங்கியதற்காக ஐம்பது டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குமேல் மேல்முறையீடாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவருக்காக அங்கே வாதிட்டவர்களுள் ஒருவர் ஹென்றி வைஸ்மன். பத்தாண்டுக்கு முன்னே தொழிற்சங்கத்தின் பத்திரிகாசிரியராக இருந்து அந்தச் சட்டம் வரும்பொருட்டுப் பாடுபட்டவரும் அவரேதான். இடையில் தாமே கடை முதலாளியாகி, சட்டமும் பயின்று, எதிர்ப்பக்கம் வந்து நின்றார். 1905 ஏப்ரல் 17-ஆம் தேதி ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. பெரும்பான்மையினருக்காக எழுதிய நீதிபதி பெக்கம், முதலாளியும் தொழிலாளியும் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்தரத்தில் சட்டசபை குறுக்கிடலாகாது என்றார். ரொட்டி சுடுவது அவ்வளவு கேடான தொழில் அன்று என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்தமான ரொட்டி கிடைப்பது தொழிலாளி பத்து மணி நேரம் உழைக்கிறானா அதற்கு மேல் உழைக்கிறானா என்பதைப் பொறுத்ததன்று என்ற கருத்தையும் வெளியிட்டார். மாறுபட்டு எழுதிய நீதிபதி ஹார்லன், தொழில்நோய் நூல்களைச் சான்று காட்டி, மாவுத் தூசையும் இரவு விழிப்பையும் குறுகும் ஆயுளையும் எடுத்துரைத்தார். நால்வரில் ஒருவராக நின்ற அவருடைய சொல் அன்று எடுபடவில்லை.

இத்தீர்ப்பைப் பற்றி அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நாம் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றம் சட்டம் முழுவதையும் வீழ்த்தவில்லை. வேலை நேர விதியை மாத்திரமே வீழ்த்திற்று. கூரை உயரமும், சுண்ணாம்பும், கழிப்பிடமும், பூனைக்கு அளித்த சலுகையும் பழுதின்றி நிலைத்தன. உண்பவனுக்கு நன்மை தருவது எதுவோ அது அரசியலமைப்புக்கு உகந்ததாகவும், உழைப்பவனுக்கு மட்டும் நன்மை தருவது எதுவோ அது சுதந்தரத்துக்கு விரோதமாகவும் காணப்பட்டன. அந்தக் கொள்கையின் ஆதிக்கம் தளர 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அதைத் தளர்த்திய வழக்கும், வாஷிங்டன் ராஜ்யத்து ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்த எல்ஸி பாரிஷ் என்ற பெண்ணின் குறைந்தபட்சக் கூலி பற்றியதுதான்.

லாக்னர் தீர்ப்புக்கு மறு ஆண்டில் சிக்காகோவின் இறைச்சிச் சாலைகளைப் பற்றி அப்டன் சின்கிளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அங்கே உழைத்த ஏழை அயல்நாட்டாரின் துயரத்தைச் சொல்லவே அவர் எழுதினார். வாசகர்களோ தாம் உண்ணும் இறைச்சி எத்தகையது என்பதைக் கண்டே துணுக்குற்றார்கள். 1906 ஜூன் 30-ஆம் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாயின. விரலை வெட்டிக்கொண்ட தொழிலாளிக்கு அவ்விரண்டிலும் ஒரு வரியும் இல்லை. தாம் குறிவைத்தது ஒன்று, பட்டது வேறொன்று என்று சின்கிளேரே பின்னர் வருந்தினார்.

தொழிலாளியை உற்றுப் பார்க்கவேண்டிய நேரம் வந்தபோதும், அவனை ஆபத்துக்கு உள்ளானவனாகப் பார்க்காமல் ஆபத்தாகவே பார்க்கும் வழக்கம் அதே ஆண்டுகளில் வேரூன்றிற்று. அயர்லாந்திலிருந்து குடியேறி நியூயார்க்கில் செல்வர் வீடுகளில் சமைத்து வந்த மேரி மாலன் என்ற பெண், தமக்கு யாதொரு நோயும் இல்லாதிருந்தும், டைபாய்டு கிருமியைத் தம் உடலில் தாங்கியிருந்தார் என்று 1907-இல் கண்டறியப்பட்டு, ஒரு தீவில் தனித்து வைக்கப்பட்டார். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற வாக்குறுதியின்மேல் 1910-இல் விடுதலை பெற்றார். அவருக்குச் சலவை வேலை கிடைத்தது. அதில் கூலி குறைவு. வாக்குறுதியை மீறிப் பெயரை மாற்றிக்கொண்டு, மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார், அங்கே இருபத்தைந்து பேருக்கு நோய் கண்டது, இருவர் மாண்டனர். 1915-இல் மீண்டும் பிடிபட்டு, 1938-இல் இறக்கும் வரையில் அத்தீவிலேயே இருந்தார். அவர் செய்தது குற்றமன்று என்று வாதிக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் சுகாதாரத்துக்காக ஒரு கூலிக்காரி தன் தொழிலையே துறக்கவேண்டும் என்று கட்டளையிட்ட அதிகாரிகள், துறந்த தொழிலுக்கு ஈடாக ஜீவனத்துக்கு நிலையான வழி ஒன்று செய்து கொடுத்திருந்தால் அந்த இருவர் பிழைத்திருக்கக்கூடும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இந்தச் செய்தியில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. உண்பவருடைய நலமும் உழைப்பவருடைய நலமும் தனித்தனிக் கிணறுகளில் ஊறும் நீரல்ல. காய்ச்சலோடு வருகிற தொழிலாளி, அன்றைக் கூலி போய்விடுமே என்ற அச்சத்தால் வருகிறான். அவன் கையால் நோய் பரவினால் அதன் மூலம் அந்தக் கூலிக் கணக்கில்தான் இருக்கிறது. நிலவறை ரொட்டியில் வேர்வை விழுந்ததற்குக் காரணமும் அழுக்குப் பழக்கமன்று. பதினெட்டு மணி நேரத்து உழைப்பும் காற்றில்லாத அறையும் அதற்குக் காரணங்கள். வேலை நேரத்துக்கும் ரொட்டியின் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்ற நீதிபதியின் கருத்தை, கண்விழித்துக் கண்விழித்துச் சோர்ந்து மாவுத் தொட்டியின்மேல் உறங்கிய மனிதனைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் மறுத்திருப்பான்.

இரவு வேலையைப் பொறுத்த மட்டில் உலகம் மெல்ல மெல்ல அசைந்தது. பிரான்ஸ் 1919-இல் இரவு பத்து மணிக்கும் காலை நான்கு மணிக்கும் இடையே ரொட்டி செய்வதைத் தடுத்தது. 1925-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ரொட்டிக்கூடங்களில் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கையை இயற்றிற்று. அதன் நுட்பமான அம்சம், தடை தொழிலாளருக்கு மட்டுமன்றிக் கடை முதலாளிக்கும் பொருந்தும் என்பது. ஏனெனில் முதலாளியே இரவில் விழித்துச் சுட்டுக் காலையில் சூடான ரொட்டியை விற்கலாமாயின், போட்டிக்கு அஞ்சி அடுத்த கடைக்காரன் தன் ஆட்களை எப்படியேனும் எழுப்பிவிடுவான் என்ற அனுபவ ஞானம் அந்த விதியில் இருக்கிறது. இங்கிலாந்தில் வயது வந்தவர்களின் இரவு வேலைக்கு வரம்பு கட்டும் சட்டம் 1954-இல்தான் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு 1863. சுவருக்குள் உழைத்தவனுக்கு இரவு 1954. இடையில் தொண்ணூற்றோர் ஆண்டு. அந்தச் சட்டமும் 1986-இல் நீக்கப்பட்டுவிட்டது.

நம் பக்கம் திரும்பினால், ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் பெருகிவிட்ட நிலையில், சென்னை ராஜ்யம் 1958-ஆம் ஆண்டில் உணவு நிலையங்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. வேலை நேரமும் வார விடுமுறையும் அதனால் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன என்பது பாராட்டத்தக்கது. எனினும் ஒரு சராசரி ஹோட்டலின் அடுக்களைக்குள் இன்று நுழைந்து பார்த்தால் பழைய வழக்கின் சாயல் அழியவில்லை என்பது தெரியும். வடைச் சட்டியின் எண்ணெய் தெறித்த தழும்புகள் சரக்கு மாஸ்டரின் முன்கையில் வரிசையாக இருக்கும். பாத்திரம் கழுவுகிறவரின் விரலிடுக்குகள் நாளெல்லாம் நீரில் ஊறி வெடித்திருக்கும். கழுவிவிட்ட ஈரத் தரையில் சாம்பார் வாளியோடு ஓடும் சப்ளையர் கால் வழுக்காமலிருப்பது அவருடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது. காலைச் சிற்றுண்டிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ஓய்வு என்று கொடுக்கப்படும் சில மணி நேரம், தங்குமிடம் தொலைவிலிருப்பதால் ஏதேனும் ஒரு மேசைமீதோ மாடிப்படியிலோ கழியும். இவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. உணவைக் கையாளுவோர் ஒவ்வொருவரும் சான்றிதழ் பெறவேண்டும் என்றும், குடல்நோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அச்சான்றிதழ், இந்த மனிதனால் உண்பவருக்கு நோய் வருமா என்று கேட்கிறது. இந்த வேலையால் இம்மனிதனுக்கு என்ன நோய் வந்திருக்கிறது என்று கேட்பதில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஹோட்டல்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும்; மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் தொழிலாளி முறைப்படி சந்தா செலுத்தியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்குத் தொண்ணூற்றொரு நாள் வரை தினக்கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு பெறலாம். காய்ச்சலோடு தோசைக்கல் முன் நிற்கவேண்டிய அவசியத்தை நீக்கும் இந்த ஏற்பாடு, உண்பவரையும் உழைப்பவரையும் ஒருங்கே காக்கிறது. நூறு சான்றிதழ்கள் செய்யாததைச் செய்யவல்லது. ஆனால் அதன் பயன், பெயர் பதிவேட்டில் ஏறியவர்க்கே. ஒன்பது பேர் வேலை செய்யும் கடையும், பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எட்டுப் பேரைக் கணக்கில் காட்டும் கடையும், நேற்று ரயிலிலிருந்து இறங்கி இன்று அடுப்படியில் நிற்கும் வெளிமாநிலத்து இளைஞனும் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே, ஹோட்டல் அடுக்களைக்குச் சோதனைக்குப் போகும் அதிகாரி சுவரையும் பாத்திரத்தையும் தண்ணீரையும் பார்த்துத் திருப்தியடைந்து திரும்பினால், அவர் 1863-இன் வேலையைச் செய்து முடித்தவராவார். அதற்குமேலும் சில கேள்விகள் அவர் கேட்டாக வேண்டும்: நேற்று இவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்து எத்தனை மணிக்கு ஓய்ந்தார்? எங்கே படுத்தார்? தரை வழுக்காமலிருக்க என்ன செய்திருக்கிறீர்கள்? உட்கார இடம் உண்டா? புகை வெளியேற வழி உண்டா? கை வெந்தால் முதலுதவி எங்கே? காய்ச்சல் கண்ட நாளுக்குக் கூலி உண்டா? இவற்றுள் ஒன்றற்கும் உரிய விடை தட்டில் வரும் பண்டத்தின் சுவையிலோ மணத்திலோ தெரியாது. உண்பவர் எவரும் இவற்றைக் குறித்துக் குமட்டப் போவதுமில்லை. குமட்டல் செய்யாத இந்த வேலையைச் செய்வதற்காகவே சட்டம் வேண்டியிருக்கிறது.